“உங்க சைட்டில் எனக்கு ஒன்றும் கேட்கலை”: நூலக இணையதளங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில், பார்வையற்ற நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து ஒரு பொது நூலகத்தின் இணையதளத்தைத் திறந்த கதையைப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். பக்கம் முழுக்க அறிவிப்புகள் இருந்தும் அவருடைய ஸ்கிரீன் ரீடருக்கு, அதாவது திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளுக்கு, படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. இதுதான் கதை. நான்கு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை, அதிலும் பாதிக்கு மேல் நூலகர்களிடமிருந்து. ஆகவே இந்த இதழ் முழுக்க இதுதான். பிரிண்டர் மை, ஃபோன் சூடாவது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், நான் கிளை நூலகர். மாவட்ட இணையதளத்தில் அறிவிப்புகளை ஏற்றும் வேலையும் கூடுதலாக என் தலையில்தான். சைட்டைச் செய்துகொடுத்த கம்பெனி “எல்லா விதிமுறையும் பார்த்துத்தான் செய்திருக்கிறோம், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தலாம்” என்று எழுதியே கொடுத்தது. ஆனால் பார்வை இல்லாத வாசகர் ஒருவர் “உங்க சைட்டில் எனக்கு ஒன்றும் கேட்கலை” என்கிறார். கம்பெனி ஏமாற்றிவிட்டதா, இல்லை நான் எதையாவது கெடுத்துவிட்டேனா?
*பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்*

கோபித்துக்கொள்ளாதீர்கள், கெடுத்தது பெரும்பாலும் நீங்கள்தான். உங்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அறிவிப்பை எப்படி ஏற்ற வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். கம்பெனி சைட்டை ஒப்படைத்த அன்று மெனு, தேடல் பெட்டி, முகவரி எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு வாரம் இரண்டு என்று நீங்கள் ஏற்றிய அறிவிப்புகள்தான் இன்றைக்கு அந்தப் பக்கத்தில் நிறைந்திருக்கின்றன. வாசகர் தேடி வருவதும் அவற்றைத்தான், மெனுவை ரசிக்க யாரும் வருவதில்லை.

ஒரு அறிவிப்பு எப்படிப் பிறக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். “வரும் சனிக்கிழமை மாலை வாசகர் வட்டக் கூட்டம்” என்று யாரோ கணினியில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த நிமிடத்தில் அது நல்ல எழுத்து, எந்த ஸ்கிரீன் ரீடரும் படிக்கும். பிறகு அதை அச்செடுத்து அதிகாரி மேசைக்குக் கொண்டுபோகிறோம், பச்சை மையில் கையெழுத்து, கீழே முத்திரை. அதை ஒருவர் ஃபோனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், நீங்கள் இறக்கி சைட்டில் ஏற்றுகிறீர்கள். எழுத்தாக இருந்ததை நாமே மெனக்கெட்டுப் படமாக மாற்றிவிட்டோம். கண்ணுக்கு அது அறிவிப்பு, ஸ்கிரீன் ரீடருக்கு வெறும் படம். படத்தின் மேல் லிங்க் வேறு இருந்தால் இன்னும் வேடிக்கை: என் நண்பருடைய கணினி அன்றைக்கு “கிராஃபிக், லிங்க், வாட்ஸ்அப் இமேஜ்” என்று தொடங்கி ஃபைல் பெயரில் இருந்த தேதியையும் நேரத்தையும் இலக்கம் இலக்கமாக வாசித்தது. கூட்டம் என்றைக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

மருந்து எளிது. முத்திரை போட்ட படம் வேண்டும் என்றால் இருக்கட்டும், ஆனால் தட்டச்சு செய்த அந்த மூலத்தை எடுத்துப் படத்துக்குக் கீழே அப்படியே ஒட்டிவிடுங்கள். படம் ஏற்றும்போது “ஆல்ட் டெக்ஸ்ட்” என்று ஒரு பெட்டி வரும், படத்துக்குப் பதிலாக ஸ்கிரீன் ரீடர் படிப்பது அதில் எழுதியதைத்தான், எல்லோரும் காலியாக விட்டுத் தாண்டுவார்களே, அதில் “வாசகர் வட்டக் கூட்ட அழைப்பிதழ், முழு விவரம் கீழே” என்று எழுதினால் போதும். அழகுக்காக வைத்த பூக்கோலம், கோடு, பார்டர் என்றால் ஆல்ட் டெக்ஸ்ட் காலியாக இருப்பதுதான் சரி. “அழகான பூ பார்டர்” என்று எழுதி ஒருவரை நிறுத்தி வைத்துக் கேட்க வைக்க வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதே இல்லை: தமிழ்ப் பக்கத்தின் நிரலில் மொழி “ஆங்கிலம்” என்றே போட்டிருக்கும். வாங்கிய வார்ப்புருவில் அப்படி இருந்தது, யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்துக்கொண்டு தமிழ் எழுத்து வரும் இடமெல்லாம் ஊமையாகிவிடும், அல்லது உளறும். உங்கள் வாசகர் “தப்பாகக் கேட்கிறது” என்று சொல்லாமல் “ஒன்றும் கேட்கலை” என்று சொன்னதால் எனக்கு முதல் சந்தேகம் இதில்தான். கம்பெனிக்கு ஒரு ஃபோன் போட்டு “பக்கத்தின் மொழியைத் தமிழ் என்று மாற்றிக்கொடுங்கள்” என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

எங்களிடம் பழைய சுற்றறிக்கை, நூற்பட்டியல் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அப்படியே பிடிஎஃப் ஆக்கி ஏற்றலாமா? திரையில் நன்றாகத்தானே தெரிகிறது?
*தட்டச்சர், தஞ்சாவூர்*

திரையில் தெரிகிறது என்பதுதான் வினை. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். பாமினியில் “அம்மா” என்று தட்டச்சு செய்தால் கணினிக்குள் பதிவாவது ஆங்கிலத்தின் எம், கே, அப்புறம் ஒரு செமிகோலன், மறுபடி கே, எச். ஸ்கிரீன் ரீடர் சட்டையைப் பார்க்காது, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். ஒரு முழுச் சுற்றறிக்கையை இப்படிக் கேட்டுப் பாருங்கள், அரைப் பக்கம் தாங்க மாட்டீர்கள். கூகுளில் தேடினாலும் அந்த ஃபைல் கிடைக்காது, அது தனி நஷ்டம்.

தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினியில் பதிக்கும் பொதுக் குறியீட்டு முறைதான் யூனிகோடு. தமிழ்நாடு அரசு அதை ஏற்றுக்கொண்டு ஆணை போட்டது 2010-இல், கோவை செம்மொழி மாநாடு நடந்த அந்த ஜூன் மாதத்தில். அதற்குப் பிறகும் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் அடிக்கிறோம் என்றால் விரல் பழகிவிட்டது, வேறு காரணமில்லை. விரலை மாற்றக்கூட வேண்டாம், பழைய தட்டச்சு விசைப்பலகை அமைப்பிலேயே யூனிகோடில் அடிக்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பழைய ஃபைல்களை மாற்ற இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்துங்கள்.

யூனிகோடில் அடித்துவிட்டோம், இனிப் பிரச்சினை இல்லை என்றும் இருந்துவிடாதீர்கள். சில மென்பொருள்களில் பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பிடிஎஃப்பில் “கோவை” என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். “கோவை” என்றே வந்தால் நல்லது. “ேகாைவ” என்று வந்தால் அந்தப் பிடிஎஃப் அச்சுக்கு மட்டும்தான் லாயக்கு. அதே விஷயத்தைச் சாதாரண வலைப்பக்கமாக எழுதிவிடுங்கள். ஒன்றும் வராமல், சொல்லைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது ஸ்கேன் படம். இந்த ஒரு சோதனையைத் தட்டச்சர் எல்லோரும் பழகிவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

பார்வை இல்லாதவர் எத்தனை பேர் நூலக இணையதளத்துக்கு வரப்போகிறார்கள்? பத்துப் பேருக்காக இவ்வளவு செலவா?
*ஒரு வாசகர், ஈரோடு*

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். அந்தக் கணக்கில் வராத உங்கள் அப்பா, என் அம்மா, கண்புரை அறுவை முடிந்து கண்ணில் பச்சைத் துணியோடு உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் தனி. வரமாட்டார்கள் என்று சொல்கிறீர்கள், வந்து பார்த்துத் திரும்பிப் போனவர்களை யார் எண்ணினார்கள்? செலவு என்றீர்கள், மேலே உள்ள இரண்டு பதிலிலும் காசு எங்கே வருகிறது என்று காட்டுங்கள்.

ஐயா, எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது, வயது 71 ஆகிறது, அவ்வளவுதான். நூலக சைட்டில் எழுத்து சாம்பல் நிறத்தில் புகை மாதிரி இருக்கிறது. மேலே ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கிறது, நான் பாதி படிப்பதற்குள் போய்விடுகிறது. உறுப்பினர் படிவத்தை நிரப்பி முடித்தால் கோணல் எழுத்துப் படம் ஒன்றைக் காட்டி அதைத் தட்டச்சு செய்யச் சொல்கிறது. மூன்று முறை தப்பாகிவிட்டது. என் மேல்தான் தவறா?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகர்கோவில்*

உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை, டீச்சர். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் உலக அளவில் விதியே இருக்கிறது. இணையத்துக்கான பொதுத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு 1999-இல் முதல் அணுகல் வழிகாட்டியைக் கொண்டுவந்தது, பிறகு 2008, 2018, கடைசியாக 2023 அக்டோபர் என்று திருத்திக்கொண்டே வருகிறது. நம் அரசுத் தளங்களுக்கான கையேடும் அதை ஒட்டியதுதான்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது அது. வெள்ளைத் தாளில் கன்னங்கரிய எழுத்து என்றால் 21-க்கு 1. சாம்பல் எழுத்து “நாகரிகமாக” இருக்கிறது என்று டிசைனர்கள் நினைக்கிறார்கள், அவர்களுக்கு வயது 25, திரையும் புதிது. வெயிலில் நின்று ஃபோனில் பார்க்கும் இளைஞருக்கும் அது தெரியாது என்பதை யாராவது அவர்களிடம் சொல்லலாம்.

ஓடும் வரி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. தானாக ஓடுவது எதுவும் ஐந்து வினாடிக்கு மேல் ஓடினால் அதை நிறுத்த ஒரு வழி இருக்க வேண்டும் என்பது விதி. நம் அரசுத் தளங்களில் பார்த்தால் முக்கியமான அறிவிப்பைத்தான் ஓட விடுகிறார்கள், பக்கத்தில் “புதிது” என்று ஒரு சிவப்புப் பொட்டு மின்னும். ஒரு வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னுவது சிலருக்கு வலிப்பையே வரவழைக்கும் என்று அதற்கும் தனி விதி இருக்கிறது. சுவரில் ஒட்டும் நோட்டீஸை யாரும் ஆட்டிக்கொண்டே காட்டுவதில்லையே.

கோணல் எழுத்துப் படத்துக்குப் பக்கத்தில் காதால் கேட்கும் வழியாவது இருக்க வேண்டும். அதைவிட, எழுத்துப் புதிரே இல்லாமல் ஃபோனுக்கு வரும் ஓடிபியை ஒட்டினால் போதும் என்று வைப்பது மேல். இப்போதைக்கு உங்களுக்கு: கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டுங்கள், எழுத்து பெரிதாகும். 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் பக்கம் உடையாமல் இருக்க வேண்டும், உடைந்தால் அதையும் எழுதிப் போடுங்கள். படிவம் முடியவே இல்லை என்றால் நேரில் போய்க் காகிதப் படிவம் கேளுங்கள்.

நான் சிறு நிறுவனங்களுக்கு சைட் செய்துகொடுப்பவன். ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்தால் சைட் முழுக்க அணுகல் வசதி வந்துவிடும், ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலிப் படம் வரும், அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும் என்று ஒரு சேவை விற்கிறார்கள். நூலகத்துக்கு வாங்கிப் போட்டுவிடலாமா?
*கோயம்புத்தூர்*

வேண்டாம் தம்பி. அது மேலே ஒட்டும் ஸ்டிக்கர். படமாக இருக்கும் அறிவிப்பு அடியில் படமாகவே இருக்கும், பாமினி பாமினியாகவே இருக்கும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எல்லோருடைய பிரவுசரிலும் ஃபோனிலும் ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் சொன்னால், ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவருக்கு இந்த ஸ்டிக்கர் குறுக்கே விழுந்து தொல்லை தருவதும் உண்டு, என் நண்பர் அதைத் தடுக்கத் தனியாக ஒரு ஏற்பாடே வைத்திருக்கிறார். இப்படித் தானியங்கியாகச் சரிசெய்துவிடும் என்று அளவுக்கு மீறி விளம்பரம் செய்ததற்காக ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2025 ஜனவரியில் சொன்னது. இந்த ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் காசை நூலகத்தில் தட்டச்சு தெரிந்த ஒருவருக்குப் படியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் சைட்டில் பழைய அரிய நூல்களின் ஸ்கேன் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுத்தாக்க எங்களிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. சட்டம், வழக்கு என்று வந்தால் தொல்லை, பேசாமல் எடுத்துவிடலாமா என்று ஒரு பேச்சு ஓடுகிறது.
*ஒரு நூலகக் குழு உறுப்பினர், மதுரை*

தயவுசெய்து எடுக்காதீர்கள். இதே மாதிரி ஒரு முடிவை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 2017-இல் எடுத்தது. பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்து வைத்திருந்த வகுப்புக் காணொளிகளில் வசன எழுத்து இல்லை, காது கேளாதவர்களால் பயன்படுத்த முடியவில்லை என்று புகார் போனது, அரசு சரிசெய்யச் சொன்னது. அவர்கள் செலவைப் பார்த்துவிட்டு 20,000-க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்தே தூக்கிவிட்டார்கள். புகார் சொன்னவர்களுக்கும் கிடைக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் போயிற்று. பழி மட்டும் புகார் சொன்னவர்கள் மேல் விழுந்தது.

ஆயிரம் நூலையும் ஒரே நாளில் எழுத்தாக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முதலில் ஒவ்வொரு நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பித்த ஆண்டு, பொருளடக்கம் இவற்றை யூனிகோடில் அடித்து வையுங்கள், அப்போதுதான் அந்த நூல் உங்களிடம் இருப்பதே ஒருவருக்குத் தெரியும். அப்புறம் பக்கத்தில் ஒரு வரி: “இந்த நூல் படிக்கக்கூடிய வடிவில் வேண்டுமானால் இந்த எண்ணில் கேளுங்கள்.” கேட்கிற நூலை மட்டும் எழுத்தாக்குங்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் ஓசிஆர் வசதி தமிழுக்கும் வந்து பல வருடம் ஆகிறது, கூகுள் டிரைவிலேயே செய்யலாம், டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் உண்டு. நல்ல அச்சு என்றால் பெரும்பாலும் சரியாக வரும். பழைய ஈய அச்சு, பூச்சி அரித்த தாள், ணை, றா, னை எல்லாம் பழைய வரிவடிவில் இருக்கும் நூல் என்றால் தடுமாறும், ஒருவர் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். உங்கள் வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் இரண்டு பேராவது இருப்பார்களே, அவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிழை திருத்தக் கூப்பிட்டால் மறுக்கிற தமிழாசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அண்ணா, நான் பார்வையற்ற கல்லூரி மாணவி, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். நூலக சைட்டுகளில் கிடைப்பது எல்லாமே ஸ்கேன். புகார் எழுதினால் “பார்க்கிறோம்” என்கிறார்கள். வேறு எங்கே போவது? சட்டம் என் பக்கம் இருக்கிறதா?
*திருநெல்வேலி*

இருக்கிறது தங்கச்சி. முதலில் புத்தகம், பிறகு சட்டம்.

சுகம்ய புஸ்தகாலயா என்று ஒரு இணைய நூலகம் 2016 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது, அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்காகவே. பல இந்திய மொழிகளில் நூல்கள் உண்டு, மாற்றுத்திறனாளி என்பதற்கான சான்றைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பார்வையற்றோருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. போகிறவர்கள் வழியாக விசாரியுங்கள்.

ஒரு நூலை உனக்காக எழுத்து வடிவிலோ ஒலி வடிவிலோ மாற்றித் தர நூலகம் தயங்கினால் “காப்புரிமை இடம் கொடுக்காது” என்பார்கள். அது தவறு. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி இதற்கு விலக்கு கொடுத்தாயிற்று. மாற்றுத்திறனாளிகளுக்காக, லாபம் பார்க்காமல், படிக்கக்கூடிய வடிவில் பிரதி எடுக்கலாம். உலக நாடுகள் 2013-இல் மொராக்கோ நாட்டு மாரகேஷ் நகரில் இதற்கென்றே ஓர் ஒப்பந்தம் செய்தன, அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியாதான், 2014-இல். நூலகர்களில் பலருக்கே இது தெரியாது, நீ போய்ச் சொன்னால் சண்டைக்கு வந்திருப்பதாக நினைப்பார்கள், சிரித்துக்கொண்டே சொல்.

இனி சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 42-ஆம் பிரிவு மின்னணு வடிவில் உள்ள உள்ளடக்கம் எல்லோரும் அணுகும்படி இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. இணைய வழிச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று 2025 ஏப்ரலில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

ஆனால் அங்கே போவதற்கு முன்னால் புகார் எழுதும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார். “உங்கள் சைட் பார்வையற்றோருக்கு ஏற்றதாக இல்லை” என்று எழுதினால் அது மேலிருந்து கீழ்வரை போய் “பார்க்கிறோம்” என்றுதான் திரும்பும். “இந்தப் பக்கத்தில், இந்தத் தேதியிட்ட அறிவிப்பு படமாக இருக்கிறது, அதன் எழுத்தை எனக்கு அனுப்புங்கள், பக்கத்திலும் சேருங்கள், நான் பயன்படுத்துவது என்விடிஏ ஸ்கிரீன் ரீடர், குரோம் பிரவுசர்” என்று எழுது. படிக்கிற ஊழியருக்கு என்ன செய்ய வேண்டும் என்று அப்போது தெரியும். தேதியோடு ஒரு நகலை வைத்துக்கொள், பிறகு ஆணையர் வரை போனாலும் அதுதான் கையில் நிற்கும்.

வாசகர் வட்டக் கூட்டங்களை யூடியூபில் போடுகிறோம். அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?
*சேலம்*

வசன எழுத்து சேருங்கள், தானாக வருவதை நம்பி விடாமல் ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும், ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்தான் அதிகம் கெடும். ஒன்றரை மணி நேரக் கூட்டத்துக்கு முடியாது என்றால் யார் என்ன பேசினார்கள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கீழே போடுங்கள். காது கேட்கிறவர்களும் ஒன்றரை மணி நேரத்தைப் பார்க்காமல் அதைத்தான் படிப்பார்கள்.

எங்களிடம் ஸ்கிரீன் ரீடர் வாங்கப் பணம் இல்லை. சைட் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?
*ஊர்ப்புற நூலகர், திருவண்ணாமலை மாவட்டம்*

வாங்கவே வேண்டாம். நான் மேலே சொன்ன என்விடிஏ இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் பார்வையற்றோருக்குக் கட்டுப்படியாகவில்லை என்று 2006-இல் எழுதத் தொடங்கியது. கூடவே வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் படிக்கும், கொஞ்சம் இயந்திரத்தனமாக, மூக்கால் பேசுவதுபோல் இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும்.

அதைப் போடுவதற்கும் முன்னால் மவுஸைக் கழற்றி வையுங்கள். டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போய் உங்கள் சைட்டில் ஒரு நூலைத் தேடி, அது எந்தக் கிளையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று திரையில் தெரிகிறதா? மெனு திறக்கிறதா, திறந்தால் மூடுகிறதா? மேலே ஓடும் விளம்பரப் படங்களுக்குள் போய் மாட்டிக்கொள்கிறீர்களா? கை நடுங்குகிறவர், மவுஸ் பிடிக்க முடியாதவர் எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள்.

பிறகு என்விடிஏவில் இன்சர்ட் விசையோடு எஃப்7 அழுத்துங்கள், பக்கத்தில் உள்ள லிங்க் எல்லாம் ஒரே பட்டியலாக வரும். நானும் நண்பரும் பார்த்த சைட்டில் “இங்கே கிளிக் செய்யவும்” என்று பதினான்கு முறை வந்தது. எந்த “இங்கே”? ஒன்று உறுப்பினர் படிவம், ஒன்று புதிய நூல்களின் பட்டியல், ஒன்று 2019-இல் முடிந்துபோன டெண்டர். நண்பர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடினார், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே கூச்சமாக இருந்தது. “உறுப்பினர் சேர்க்கைப் படிவம்” என்று லிங்க்கிலேயே எழுதியிருந்தால் முடிந்தது. வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் சொன்ன நூலக விதிகளில் நான்காவது, நூலகப் படிப்பு முடித்தவர்கள் எல்லோருமே அதைத் தேர்வில் எழுதித்தான் வந்திருக்கிறோம் என்கிறார்கள்.

லிங்க் மாதிரியே தலைப்பும். எழுத்தைத் தடிமனாக்கிப் பெரிதாக்கினால் அது தலைப்பு ஆகாது. எழுதும் பெட்டியில் “ஹெட்டிங்” என்று ஒரு தேர்வு இருக்கும், அதைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம், இல்லையென்றால் முதல் வரியிலிருந்து கடைசி வரை கேட்டே ஆக வேண்டும். நூற்பட்டியலில் பச்சைப் புள்ளி இருந்தால் நூல் இருக்கிறது, சிவப்பு இருந்தால் வெளியே போயிருக்கிறது என்று வைத்திருந்தால் பக்கத்தில் “உள்ளது”, “இரவலில்” என்று எழுத்திலும் போடுங்கள், பச்சையும் சிவப்பும் ஒன்றாகத் தெரிகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

மொழியையும் ஒருமுறை பாருங்கள். “காப்புத்தொகை மீளப்பெறத்தக்கது” என்று எழுதியிருக்கிறீர்கள். “உறுப்பினராக இருந்தது போதும் என்று விலகும்போது இந்தப் பணம் திரும்பக் கிடைக்கும்” என்று எழுதினால் அதிகாரி கையெழுத்துப் போட மாட்டாரா என்ன? முதன்முறை நூலகத்துக்கு வருகிற பெண், எட்டாம் வகுப்போடு நின்றவர், தமிழ் கேட்டால் புரியும் ஆனால் வேகமாகப் படிக்க வராதவர் எல்லோருக்கும் அதுதான் வாசல்.

கணினி இல்லை என்றால் ஆண்ட்ராய்டு ஃபோனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது, அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற இடத்தில். வலப்பக்கம் ஒரு தேய்ப்பு தேய்த்தால் அடுத்தது, இருமுறை தட்டினால் திறக்கும். ஆனால் போடுவதற்கு முன் எப்படி அணைப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள், நான் தெரிந்துகொள்ளாமல் போட்டு என் ஃபோனை என்னாலேயே பயன்படுத்த முடியாமல் அரைமணி நேரம் பேத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு உபதேசம் இருக்கட்டும், உங்கள் பத்திரிகையின் சைட் எப்படி?
*அதே ஈரோடு வாசகர்*

கேட்பீர்கள் என்று தெரியும், நேற்றே என்விடிஏ போட்டுப் பார்த்துவிட்டேன். இந்தப் பகுதியின் பெயரே படமாக இருக்கிறது, ஆல்ட் டெக்ஸ்ட் இல்லை. கேள்விகள் எல்லாம் தடிமன் எழுத்து, ஹெட்டிங் கிடையாது, அதனால் பிடித்த கேள்விக்குத் தாவ வழியில்லை. ஆசிரியர் குழுவுக்கு எழுதியிருக்கிறேன், எந்தப் பக்கம், எந்தப் படம் என்று தேதி போட்டு. நகல் என்னிடம் இருக்கிறது.